உடைந்த அடுப்போடு விருத்தாசலத்தில் பத்து நாள்

விருத்தாசலம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் அயிகோரு செய்த முதல் காரியம், தன் பெட்டியைத் தரையில் படுக்கவைத்துத் திறந்ததுதான். நாலு பேர் சுற்றி நின்று பார்க்க, இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து, அடுப்புக்குள் வைக்கும் ஒரு மண்கூட்டை வெளியே எடுத்தார். சின்ன வாளி அளவு இருக்கும். மேலிருந்து அடிவரை நீளமாக ஒரு விரிசல். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, புதிதாக எதுவும் உடையவில்லை" என்றார்.

வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம், "ஏம்மா, ஒடஞ்சதையா இம்மாந்தூரம் எடுத்தாந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இங்கயே லோடு லோடா கெடக்குதேம்மா" என்றார் உண்மையான வருத்தத்துடன்.

நான் நெய்வேலிக்காரி. ஆறு வருடமாக உகாண்டாவின் வடக்கே, தெற்கு சூடான் போருக்குத் தப்பி வந்தவர்களின் குடியிருப்பு ஒன்றில், பெண்கள் மையத்தில் வேலை பார்க்கிறேன். வன்முறைக்கு ஆளாகி வரும் பெண்களையும் பிள்ளைகளையும் மருத்துவரிடம் அழைத்துப் போவது, போலீசில் துணைக்கு நிற்பது, பேச முடியாத நாளில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம்தான் என் வேலை. அயிகோரு உகாண்டாவில் அந்தப் பக்கத்துப் பெண். மண்பாண்டம் செய்பவர். எங்கள் மையத்தில் பெண்களுக்கு மண்வேலை கற்றுத்தருகிறார். அவருக்குச் சின்ன வயதில், உகாண்டாவில் சண்டை நடந்தபோது, அவர் குடும்பம் எல்லையைத் தாண்டி சூடானுக்கு ஓடியிருக்கிறது. "அன்றைக்கு அவர்கள் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் பயணத்துக்குக் காரணம் ஒரு பெண். பெயரை மாற்றி ரோஸ் என்று வைத்துக்கொள்கிறேன். விறகு பொறுக்கக் காட்டுக்குள் போன இடத்தில் தாக்கப்பட்டவர். அந்தப் பாதையில் அது முதல் முறையும் அல்ல. தாய்க்கு முடியாத நாளில் பத்து வயதுப் பெண் குழந்தைகளும் அதே பாதையில்தான் போகிறார்கள். மையத்தில் ஒரு நாள் ரோஸ் சொன்னார்: "பேசினால் பாரம் குறையும் என்கிறீர்கள். பேசினேன், குறைந்தது. ஆனால் நாளைக்கு விறகுக்குப் போக வேண்டுமே?"

விறகு கம்மியாகத் தின்னும் அடுப்பு எங்களிடம் இருக்கத்தான் செய்தது. தகரக் கூட்டுக்குள் மண்கூடு வைத்தது. நன்றாக எரியும். ஒரு மாதம். பிறகு மண்கூடு விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். பெண்கள் மறுபடியும் மூன்று கல்லை வைத்துப் பெரிய தீ மூட்டுவார்கள். மறுபடியும் காடு. "மண் சுடுவதில் கெட்டிக்காரர்கள் யாராவது தெரியுமா?" என்று அயிகோரு கேட்டபோது, நான் யோசிக்கவே இல்லை. பக்கத்து ஊர்தானே! நெய்வேலியிலிருந்து பீங்கான் மண் லாரியில் விருத்தாசலம் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விடுப்பும் எடுத்தாயிற்று, விசாவும் வந்தாயிற்று.

முதல் நாள் மாலை பசி. இட்லி, பரோட்டா எல்லாவற்றையும் மரியாதைக்குத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார் அயிகோரு. திரும்பும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ். பானைக்குள் எட்டிப் பார்த்தவர் என் கையைப் பிடித்து உலுக்கினார். "இது எங்கள் தானியம்!" அவர் வீட்டில் இதே கேழ்வரகைக் கெட்டியாகக் கிண்டிக் கறிக்குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். "ஏன் தண்ணீர் ஊற்றிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். வண்டிக்கார அம்மாவிடம் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. "களியா வேணுமா? நாளைக்கி ஒரு மணிக்கி வரச்சொல்லுங்க, கருவாட்டுக் கொழம்போட தரேன்" என்றார். அதன் பிறகு பெரும்பாலும் எங்கள் மதியச் சாப்பாடு அங்கேதான்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் தொழிற்பேட்டைக்குப் புறப்பட்டோம். எட்டுப் பேர், இரண்டு மூட்டை மண், ஒரு கட்டு வெங்காயத் தாள். பாதி வழியில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் டிரைவர். ஆண்கள் நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அயிகோரு ஒரே தள்ளில் வண்டியைக் கிளப்பிவிட்டார். வண்டி எங்களை விட்டுவிட்டு ஓடியது! அத்தனை பேரும் பின்னால் ஓடினோம். மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா, "ஏம்மா, இவங்க எந்த ஊரு? கிரிக்கெட்டு ஆடுவாங்களே, அந்த ஊரா?" என்று கேட்டார். இல்லை, ஆப்பிரிக்கா என்றேன். "புள்ளைங்க எத்தினின்னு கேளுங்க." நாலு. "கட்டிக்குடுத்தாச்சா?" இருவருக்கு ஆயிற்று. இறங்கும் வரை இந்தப் பேட்டி நடந்தது. எங்கள் குடியிருப்பில் புதிதாக யார் வந்தாலும் பெண்கள் முதலில் கேட்பதும் இந்தக் கேள்விகளைத்தான்.

குமரேசன் அண்ணன் என் பள்ளித் தோழியின் சொந்த அண்ணன். பியூஸ் கட்டை, மின்சார அடுப்புக்கான ஹீட்டர் பிளேட்டு, கொஞ்சம் பொம்மை என்று சின்னதாகத் தொழில். வாசலிலிருந்தே வெள்ளையாக உடைந்த பீங்கான் மேடு. அயிகோரு அதில் ஏறி நின்று ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்தார். கோவிலுக்கு வந்தவர் மாதிரி முகம்.

குமரேசன் அண்ணன் விரிசல் விட்ட கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணு பத்தாதும்மா. சூடும் பத்தாது. நம்ம மண்ணுல வார்த்து, கேஸ் சூளையில ஏத்தி எறக்குனா கல்லு மாதிரி நிக்கும். ரெண்டு நாளு குடுங்க."

"அவங்க ஊர்ல கேஸ் சூளை இல்லண்ணே."

"மொதல்ல நிக்குதான்னு பாப்போம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

அந்த இரண்டு நாளும் அயிகோரு சும்மா இருக்கவில்லை. அச்சில் வார்க்கும் இடத்தில் உட்கார்ந்து வார்த்தார். பிசிறு சீவும் இடத்தில் உட்கார்ந்து சீவினார். வேலை செய்யும் பெண்கள் அவருக்கு ஒரு கிழிந்த சட்டையைக் கொடுத்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களில் மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஜீனத் என்பவர் மட்டும் நெருங்கவில்லை. ஹீட்டர் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி.

வியாழக்கிழமை கூடு தயார். என்ன அழகு! தூய வெள்ளை, தட்டினால் வெண்கல மணி ஓசை. முற்றத்தில் தகரத்துக்குள் வைத்து விறகு மூட்டினோம். தண்ணீர் கொதித்தது. எல்லோரும் கை தட்டினோம். பானை பொங்கி வழிந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே சிந்தியது. 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நெருப்பை அணைத்துப் பார்த்தால் கூடு நாலாகப் பிளந்திருந்தது.

குடியிருப்பில் செய்த கூடாவது ஒரு மாதம் நின்றது. இது அரை மணி நேரம். குமரேசன் அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அயிகோரு தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. துண்டுகளைப் பார்த்துத் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார். "நார்... நார்..." என்று என் காதில் விழுந்தது. கயிறு திரிக்கும் நாரா, எதற்கு இப்போது நார் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து சட்டென்று ஜீனத்தின் குரல். "அக்கா, இவங்க என்ன சொன்னாங்க? நாருன்னாங்களா? நெருப்பத்தான் சொல்றாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீனத் என்னைத் தாண்டிப் போய் அயிகோருவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். அயிகோரு நிமிர்ந்தார். பதில் சொன்னார். ஜீனத் வாயில் கை வைத்துக்கொண்டார்.

அரபு! ஜீனத் ஏழு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். அயிகோரு சூடானில் வளர்ந்தபோது தெருவில் கற்றுக்கொண்டது உடைசல் அரபு. இப்போது குடியிருப்புப் பெண்களோடு அவர் பேசுவதும் அதுதான். எனக்கு அதில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும்; நானும் அவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இரண்டு அரபும் ஒன்றல்ல. தண்ணீருக்கு ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்று சொன்னார். ஆனால் நெருப்புக்கு இருவருக்கும் 'நார்'தான்; மண்ணுக்கும் ஒரே சொல், பெரிசுக்கும் ஒரே சொல். நடுநடுவே கை, கண், தரையில் கோடு. பத்து நிமிடத்தில் இருவரும் சண்டை போடுவது போல உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். குமரேசன் அண்ணன் வெளியே ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சி? என்னா தகராறு?" நான் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றேன்.

ஜீனத் எழுந்து போய்ப் பெரிய ஹீட்டர் பிளேட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். ஹோட்டல் அடுப்புகளுக்குப் போவது. ஒரே தட்டாக இல்லாமல் இரண்டு பாதியாக இருந்தது.

"அண்ணே, இத எதுக்கு ரெண்டா வார்க்கறோம்?" என்று குமரேசன் அண்ணனிடம் கேட்டார்.

"முழுசா வார்த்தா சூட்டுல வெடிச்சிடும். அதான்."

"அப்ப அடுப்ப மட்டும் எதுக்கு முழுசா வார்த்தீங்க? சூடு ஏறுனா மண்ணு விரியுது. சுத்தி தகரம் இறுக்கிப் புடிச்சிக்கினு இருக்குது. அது எங்கதான் போவும்?"

குமரேசன் அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். "பதினஞ்சு வருஷமா தொழிலு பண்றேன். எனக்குத் தோணல பாரு."

அன்று மாலையே வேலை தொடங்கிவிட்டது. கூட்டை மூன்று துண்டுகளாகச் செய்வது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் அகலம் விட்டு அதில் சாம்பல் நிரப்புவது. வெள்ளை மண் வேண்டாம், உகாண்டாவில் கிடைக்கிற மாதிரி ஏரிக்கரைக் களிமண் போதும் என்றார் அயிகோரு. அதில் உமியும், உடைந்த செங்கல்லை இடித்த தூளும் சேர்த்தார். இது அவருக்குத் தெரிந்த வித்தை. ஜீனத் பிசைந்து பார்த்து, "புட்டு மாவு மாதிரி இருக்குதே, நிக்குமா?" என்றார். அயிகோருவிடமிருந்து அரபில் ஒரு வசவு வந்தது போல இருந்தது. ஜீனத் சிரித்துக்கொண்டே பிசைந்தார்.

வெள்ளி, சனி இரண்டு நாளில் பன்னிரண்டு கூடு. கேஸ் சூளையின் மேல்தளத்து வெதுவெதுப்பில் காய வைத்தோம். வெயிலும் சும்மா இல்லை. "உங்கள் ஊரில் சூளை எதற்கு? தெருவில் வைத்தால் போதுமே" என்றார் அயிகோரு, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஜீனத் வீட்டில் விருந்து. மங்கலம்பேட்டைக்கு ஏறிய பஸ் பாதியில் புகைவிட்டு நின்றது. அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மினி லாரியை அயிகோருவே கை காட்டி நிறுத்தினார். மூட்டை மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் செம்மண், முந்திரித் தோப்பு. "யாரோ என்னை வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்" என்று கத்தினார். எங்கள் குடியிருப்பின் மண்ணும் இதே சிவப்புதான். அங்கே மரங்களைத்தான் வெட்டி எரித்துவிட்டோம்.

கடைத்தெருவைத் தாண்டி ஜீனத்தின் வீடு. கணவர் சவூதியில் லாரி ஓட்டுகிறார். பத்தாவது படிக்கும் மகள் செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டு அயிகோருவைக் காட்டினாள். அவரும் அரபில் பேச, வீடே கலகலத்தது. பிரியாணி, கத்திரிக்காய்ப் பச்சடி. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் ஒதுக்கும்போது ஜீனத் என்னிடம் சொன்னார். "குவைத்துல மொத வூட்டுல ஏழு மாசம் இருந்தேன்க்கா. கைய நீட்டுவாங்க. சும்மா சும்மா. ஒரு நாளு குப்பை கொட்டப் போறேன்னுட்டு அப்படியே ஓடிட்டேன். நம்மள மாதிரி ஓடியாந்த பொம்பளைங்கள தங்க வெச்ச எடம் ஒண்ணு இருந்திச்சி. அங்க ஒரு அம்மா, சோறு போட்டுட்டு, ஒண்ணுமே கேக்காம பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அத நெனைச்சா இன்னிக்கும் ஒரு மாதிரி இருக்குது." அதற்கு மேல் என்னிடம் சொல்லவில்லை. மிச்சத்தை அயிகோருவிடம் அரபில் சொன்னார். நீளமாக, மெதுவான குரலில். அயிகோரு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

லாட்ஜுக்குத் திரும்பியதும், "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என்னிடம் சொன்னார்" என்றார் அயிகோரு. அவ்வளவுதான். ஆறு வருடம் இந்த வேலை பார்க்கிறவள், நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது.

திங்கட்கிழமை சூளை. கேஸ் வேண்டாம், எங்கள் ஊரில் எரிப்பது போலத்தான் எரிக்க வேண்டும் என்று அயிகோரு பிடிவாதம் பிடித்தார். முற்றத்து ஓரத்தில் பழைய செங்கல்லை வட்டமாக அடுக்கி, கூடுகளை அடுக்கி, உமியும் முந்திரி ஓடும் கொட்டி மூட்டினோம். முந்திரி ஓட்டின் புகை கண்ணைப் பிடுங்கியது. அக்கம்பக்கத்து முதலாளிகள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். குமரேசன் அண்ணன் ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். "ஆப்பிரிக்காவுல இருந்து டிரெயினிங்குக்கு வந்திருக்காங்கப்பா" என்றார். வந்தவர்கள் போகவில்லை. நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் காற்றுப் பக்கம் அடைக்கச் சொன்னார், இன்னொருவர் திறக்கச் சொன்னார். அயிகோரு எதையும் காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆறவிட்டோம். அன்றைக்கு மட்டும் எனக்கு நேரம் நகரவே இல்லை. அயிகோரு பஸ் நிலையத்துக் கடையில் பேத்திகளுக்குக் கண்ணாடி வளையல் பார்த்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மறுநாள் ராத்திரி எங்களுக்கு ரயில்.

புதன் காலை சூளையைப் பிரித்தோம். பன்னிரண்டில் இரண்டு உடைந்திருந்தன. பத்து நன்றாகச் சிவந்து வெந்திருந்தன. ஒன்றைத் தகரத்தில் பொருத்திச் சாம்பல் நிரப்பி மூட்டினோம். முதலில் டீ. பிறகு சோறு. பிறகு கூழ்வண்டி அம்மா வந்து களியே கிண்டினார். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்! கிண்டும்போது அடுப்பு ஆடியது, ஆனால் உள்ளே கூடு அசையாமல் நின்றது. கடைசியாக அயிகோரு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தார். கனன்றுகொண்டிருந்த கூட்டுக்குள் நேராக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தோம்.

சத்தம் இல்லை.

சாம்பலைத் தள்ளி, மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டினார் ஜீனத். டங். டங். டங். அவ்வளவுதான், அந்த முற்றம் கல்யாண வீடாகிவிட்டது. குமரேசன் அண்ணன் அயிகோருவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அயிகோரு நாக்கைச் சுழற்றி அவர் ஊர்க் குலவை ஒன்றை எழுப்ப, நம் பெண்கள் விடுவார்களா, பதிலுக்குக் குலவை போட்டார்கள். சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

நாங்கள் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. குடியிருப்பில் இருபது பெண்கள் சேர்ந்து கூடு செய்கிறார்கள். ரோஸும் அதில் ஒருவர். ஒரு அடுப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். காட்டுப் பாதை அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் தினமும் போனவர்கள் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை போகிறார்கள். அந்த இரண்டு முறையும் கூட்டமாகப் போகிறார்கள். பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று தாய்மார்களே கூடி முடிவு செய்துவிட்டார்கள்.

போன வாரம் இரண்டாவது சூளையைப் பிரித்தோம். பாதிக் கூடுகளில் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வளைந்துவிட்டன. அயிகோரு சொல்லி ஜீனத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருந்த பெண்கள், என் செல்போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, விருத்தாசலத்துக்கு வீடியோ கால் போட்டார்கள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். திரையில் ஜீனத், கையில் டிபன் பாக்ஸ். இங்கே இருபது முகம் ஒரே சட்டத்துக்குள் முட்டிமோதியது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்: "உஸ்தாஸா! உஸ்தாஸா!"

ஜீனத் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். பிறகு தமிழில் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இருக்கீங்களா? இவங்க என்னையவா கூப்புடுறாங்க?"

"ஆமா ஜீனத். ஏன்?"

"உஸ்தாஸான்னா டீச்சருக்கா. குவைத்துல அந்த மொத வூட்டுப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல வர்ற அம்மாவத்தான் அப்படிக் கூப்புடுவாங்க. என்னைய பேரு சொல்லிக்கூட கூப்புட்டதில்ல."

கொஞ்ச நேரம் திரையில் அவர் முகம் இல்லை, கூரை மட்டும் தெரிந்தது. செல்போனை எங்கோ வைத்துவிட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கை கழுவி, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார்.

"சரிக்கா, வளைஞ்ச துண்ட கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் அரபுக்கு மாறி அதை அவர்களிடமே சொன்னார்.